தாவரவியலிலேயே தொடர்வதா, பல்துறைச் சுற்றுச்சூழல் படிப்புக்குப் போவதா?

கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். உதகையில் இளநிலைத் தாவரவியல் இறுதியாண்டு படிப்பதாகவும், சூழலியல், பொருளியல், வரலாறு, சட்டம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லித்தரும் ஈராண்டு முதுநிலைச் சுற்றுச்சூழல் படிப்பு ஒன்று வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பதாகவும், அதில் சேர்ந்தால் எதிலும் ஆழம் இருக்காது என்று உங்கள் ஆசிரியர் ஒருவர் எச்சரித்ததாகவும் சொல்லி, அதில் சேர்வதா, எம்.எஸ்சி. தாவரவியலிலேயே தொடர்வதா என்று கேட்கிறீர்கள். கேட்டது ஒரே கேள்விதான் என்றாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. பல துறைகளைச் சேர்த்துப் படிப்பதில் உண்மையான அறிவுப் பயன் உண்டா என்பது முதலாவது. அந்தப் பட்டத்துக்கு வேலை கிடைக்குமா என்பது இரண்டாவது. 'அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, மலையை விட்டு நிரந்தரமாகப் போக மனமில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குள் இருப்பது மூன்றாவது. என் கணிப்பில் முக்கியமானதும் அதுவே.

நானும் தாவரவியலில் தொடங்கியவன்தான். பிறகு நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் நிலப்பயன்பாடு பற்றிய ஆய்வுக்குப் போய், பல ஆண்டுகளாக நீலகிரியில் வெவ்வேறு துறை மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் சென்று பயிற்றுவிக்கும் வேலையைச் செய்கிறேன். ஆகவே பல்துறைப் படிப்பின் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள். பொருளியல் கட்டுரையையும் நீதிமன்றத் தீர்ப்பையும் என்னால் படித்துப் புரிந்துகொள்ள முடியும். அவற்றில் ஆய்வு செய்யும் பயிற்சி எனக்கு இல்லை. பழனி மலை பற்றிச் சொல்லப்போவதும் பெரும்பாலும் அங்கே உழைத்தவர்களின் ஆய்வுகளைப் படித்து அறிந்ததே.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். கல்லூரி முதலாண்டில் 'சுற்றுச்சூழல் கல்வி' என்று ஒரு கட்டாயத் தாள் எழுதியிருப்பீர்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவையும், 2003ல் அதே நீதிமன்றம் மறுபடி வலியுறுத்தியதையும் ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலை மாணவர்களுக்கும் வகுத்த பாடம் அது. தேர்வுக்கு முந்தைய இரவு படித்து எழுதிவிட்டு மறந்துபோகும் தாளாகத்தான் பெரும்பாலான இடங்களில் அது முடிந்திருக்கிறது. பல்துறைச் சுற்றுச்சூழல் படிப்பு என்றதும் பலருக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் ஆசிரியரின் எச்சரிக்கையிலும் அதன் நிழல் இருக்கக்கூடும். அதேபோல, நீரையும் காற்றையும் சோதிக்கும் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டமும், கழிவுநீர் நிலையம் கட்டச் சொல்லித்தரும் சுற்றுச்சூழல் பொறியியலும் வேறு வகையைச் சேர்ந்தவை. நீங்கள் கேட்பது, ஒரு நிலத்தில் நடப்பதை இயற்கை அறிவியலாலும் சமூக அறிவியலாலும் சேர்த்து விளங்கிக்கொள்ள முயலும் படிப்பைப் பற்றி.

அப்படிச் சேர்க்க வேண்டிய தேவை என்ன என்பதற்கு உங்கள் ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. சோலையும் புல்வெளியும் மாறிமாறி வரும் நம் மேல்மலையை எடுத்துக்கொள்வோம். பள்ளமான மடிப்புகளில் அடர்ந்த குறுங்காடான சோலை, மேட்டுச் சரிவுகளில் புல். புல்வெளி ஒரு காலத்தில் காடாக இருந்து மனிதர்கள் வெட்டியதாலும் எரித்ததாலும் மொட்டையானது என்று நெடுநாள் ஒரு கருத்து இருந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவந்ததில் தாவரவியலுக்கு மட்டும் பங்கில்லை. உதகையைச் சுற்றியுள்ள சதுப்புகளின் அடியில் மட்கிக் கருத்துப்போய்ப் படிந்த மண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடை மட்டும் வேறான கார்பன் அணுக்களின், விகிதத்தை அளந்தார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களில் பலவும் ஒளிச்சேர்க்கையை வெவ்வேறு வழியில் செய்வதால், அவை விட்டுச்சென்ற கார்பனில் அந்த வேறுபாடு தங்கிவிடுகிறது. யானைகளை ஆராய்ந்த சூழலியலாளர் ஆர். சுகுமாரும் ஐசோடோப்பு இயற்பியலாளர் ஆர். ரமேஷும் சகாக்களுடன் 1993ல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோதே, இங்கே புல்வெளி பரந்திருந்ததைக் காட்டியது. மலையில் உழவு தொடங்குவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது.

இவ்வளவும் உறுதி. சோலையின் ஓரம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, ஏன் மேலேறி வருவதில்லை என்று கேட்டால் உறுதி குறைந்துவிடுகிறது. திறந்த புல்வெளியில் டிசம்பர், ஜனவரி உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம்; தீயும் எருமை மேய்ச்சலும் சேர்ந்து ஓரத்தைக் காத்தன என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சான்று உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்பது இடத்துக்கு இடம் மாறும் என்றே நான் கருதுகிறேன். இந்த மலையில் எருமை வளர்க்கும் பழங்குடியினரான தோடர்கள் எங்கே மேய்த்தார்கள், எந்த மாதத்தில் எந்தச் சரிவுக்குத் தீ வைத்தார்கள், அது எப்போது தடைசெய்யப்பட்டது என்ற வரலாறு தெரியாமல் இந்தப் பங்கைப் பிரிக்க இயலாது. தாவரங்களை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர் ஆவணக் காப்பகத்துக்கும் தோடர் குடியிருப்பான மந்துக்கும் போகவேண்டி வருவது இப்படித்தான்.

அடுத்து, அந்தப் புல்வெளிக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். சோலை மரங்கள் விறகாகித் தீரத் தொடங்கிய நேரத்தில், 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) இங்கே கொண்டுவரப்பட்டன. புல்வெளி அன்றைய வருவாய்த் துறையின் கண்ணுக்குத் தரிசு. தரிசில் மரம் நடுவது நற்பணி. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கை இழைக்கு மரக்கூழும் தேவைப்பட்டபோது அதே கணக்கு இன்னும் பெரிய அளவில் தொடர்ந்தது. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அந்த நாற்பது ஆண்டுகளில் மேல்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகக் காட்டுகிறது. படத்தில் பார்த்தால் பசுமை கூடியிருக்கும். 'காடு பெருகியிருக்கிறது' என்று மகிழ்கிறவருக்கும் 'புல்வெளி போய்விட்டது' என்று வருந்துகிறவருக்கும் ஒரே படமே சான்று.

தண்ணீரைப் பற்றிய சான்று இன்னும் சுவையானது. உதகையிலுள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் அடுத்தடுத்திருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, 1968 முதல் சில ஆண்டுகள் இரண்டின் நீர்வரத்தையும் அளந்துவிட்டு, பிறகு ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுப் பரப்பில் கற்பூர மரத்தை நட்டது. முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்தின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய பிறகு அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த பத்தாண்டில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடு. 'மரம் இருந்தால் தண்ணீர் பெருகும்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதே சமயம், இது ஒரே ஒரு ஜோடி நீர்ப்பிடிப்பு. புல்வெளியில் நட்டதன் விளைவு. இதை எடுத்துக்கொண்டு கோத்தகிரியின் கீழ்ச்சரிவுத் தோட்டங்களுக்கும் இதே விழுக்காடுதான் என்று கணக்குப் போடுவது தவறு. நாளிதழ்க் கட்டுரைகளில் அந்தத் தவறை அடிக்கடி காண்கிறேன்.

சரி, புல்வெளி பழமையானது, அயல்மரம் நீரைக் குறைக்கிறது. அப்படியானால் வெட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் ஒற்றைத் துறை அறிவு திணறத் தொடங்குகிறது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்; வெட்டி வெயில் பட்ட இடத்தில் புல்லுக்கு முன்னால் அதுவே ஆயிரக்கணக்கில் முளைத்து எழும். பழனி மலையிலும் இங்கும் முதிர்ந்த சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன; அவற்றையும் சேர்த்து அழிப்பதா என்பதில் களத்தில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து ஒற்றுமை இல்லை. அந்த மரத்தை விறகுக்கு நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி கோரும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2022ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. கொள்கை வந்ததும் வெட்டிய மரத்தை யார் வாங்குவது, என்ன விலைக்கு, அந்தப் பணம் மீளமைப்புக்கே திரும்புமா என்ற கேள்விகள் வந்தன. ஒரு சரிவில் புல்லை மீட்க வேண்டுமானால் விதையின் வாழ்நாளும் ஒப்பந்தப்புள்ளியின் விதியும் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அல்லது, தெரிந்த இருவர் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொள்ளும்படி பழகியிருக்க வேண்டும்.

கூடலூர்ப் பக்கம் போனால் சட்டமும் வரலாறும் இன்னும் முன்னுக்கு வந்துவிடும். காடு என்பது எது என்று நாடு முழுமைக்கும் 1996 டிசம்பர் 12ல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம், கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் தொடுத்த வழக்கில் பிறந்தது. அந்த நிலங்களின் உரிமைச் சிக்கல் பரம்பரை நிலக்கிழார்களின் உரிமையை நீக்க வந்த 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது. அதே நிலத்தில் பழங்குடியினரான பணியரும் காட்டுநாயக்கரும் முன்பே இருந்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர அரசே தேயிலை நட்டது. யானை இவர்கள் எல்லோருடைய வாசல் வழியாகவும் நடக்கிறது. 'மனித - விலங்கு மோதல்' என்ற தலைப்பில் யானையின் நடமாட்டத்தை மட்டும் ஆராய்ந்து முடித்த ஆய்வேடுகள் எத்தனையோ உண்டு. வேலி ஏன் அந்த இடத்தில் போடப்பட்டது, பட்டா இல்லாதவருக்குப் பயிர் இழப்பீடு கிடைக்குமா என்று அவற்றில் பல கேட்பதே இல்லை.

இவ்வளவும் பல்துறைப் படிப்புக்கு ஆதரவான வாதம். வகுப்பறையில் அது எப்படி நடக்கிறது என்பது வேறு விஷயம். ஒரு களப்பயிற்சியைக் கொண்டு இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன். கேத்திப் பள்ளத்தாக்கில் ஓடையோரமாகக் கேரட் கழுவும் இயந்திரங்கள் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். துளையிட்ட பெரிய உருளைக்குள் கேரட்டைக் கொட்டிச் சுழற்ற, செம்மண் குழம்பு அடியில் வழிந்தோடும். அங்கே வேதியியல், சமூகவியல், பொருளியல் படித்த மாணவர்களைக் கலந்து குழுவாக விட்டோம். வேதியியல் மாணவர் நண்பகலில் இயந்திரத்துக்கு மேலும் கீழும் ஓடைநீரை எடுத்துக் கலங்கல் அளந்து, பெரிய வேறுபாடு இல்லை என்று குறித்துக்கொண்டார். அதே நேரம் களத்தில் கூலிவேலை செய்த பெண்களோடு பேசிக்கொண்டிருந்த சமூகவியல் மாணவி, அறுவடை பாதி இரவிலேயே தலைவிளக்கு வெளிச்சத்தில் தொடங்கிவிடும் என்றும், விடிவதற்குள் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்ற வேண்டும் என்றும், ஆகவே இயந்திரமும் மோட்டாரும் ஓடுவது பெரும்பாலும் இருட்டு நேரத்தில்தான் என்றும் கேட்டறிந்து வந்தார். நண்பகல் அளவுக்கு அதன் பிறகு என்ன மதிப்பு? மறுநாள் விடியற்காலை குளிரில் போய் மறுபடி நீரெடுத்தார்கள். கலங்கல் அளவு வேறாக இருந்தது. கருவியில் பிழையில்லை, அளந்தவரிடமும் பிழையில்லை. எப்போது அளப்பது என்பதை அந்தப் பெண்களின் கூலிநேரம் தீர்மானித்தது.

அதே குழு கடைசியில் எழுதித் தந்த அறிக்கை அவ்வளவு நன்றாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீர் மாதிரிகள் எத்தனை எடுத்தால் முடிவு தாங்கும் என்ற கேள்வியை ஒவ்வொருவரும் மற்றவரின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். எத்தனை பேரிடம் பேசினோம், அவர்கள் நிலவுடைமையாளர்களா, குத்தகைக்காரர்களா, கூலிக்கு வந்தவர்களா என்ற பிரிப்பும் இல்லை. 'நிலைத்த வளர்ச்சி' என்ற சொல் மட்டும் பக்கத்துக்கு இரண்டு முறை வந்தது. உங்கள் ஆசிரியர் அஞ்சுவது இதைத்தான். அந்த அச்சம் நியாயமானது. பல்துறைப் படிப்பின் மோசமான வடிவத்தில் எல்லாத் துறைகளின் முன்னுரையும் தெரியும், எந்தத் துறையின் முறையியலும் கைவராது. புல்லைக் கையில் கொடுத்தால் எந்தக் குடும்பம் என்று சொல்லத் தெரியாமல் புல்வெளிக் கொள்கை பற்றி ஒரு மணி நேரம் பேசும் பட்டதாரிகளை நான் நேர்காணல்களில் சந்தித்திருக்கிறேன். ஆகவே என் நிலைப்பாடு இது: ஒரு துறையிலாவது, 'இந்த முடிவுக்கு நான் பொறுப்பு, வந்து சரிபாருங்கள்' என்று சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும்; இன்னும் இரண்டில், அந்தத் துறைக்காரர் சொல்வதைக் குறுக்குக் கேள்வி கேட்கும் அளவுக்குப் பழக்கம் வேண்டும். அதற்கு மேல் நான்கு, ஐந்து துறைகளில் தேர்ச்சி என்று எந்தப் பாடத்திட்டம் வாக்களித்தாலும் நம்பாதீர்கள்.

உங்கள் நிலையில் தாவரவியல் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாண்டு வகைப்பாட்டியலும் உருவவியலும் வீணாகப் போவதில்லை. வேலை விஷயத்திலும் அது உங்களுக்குச் சாதகம். இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியாகக் கேட்கப்படும் இளநிலைப் பாடங்களின் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவையும், வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டங்களும் உண்டு. சுற்றுச்சூழல் என்ற பெயர் அதில் கிடையாது. இளநிலையிலேயே சுற்றுச்சூழல் பட்டம் எடுத்தவர்கள் பிறகு இதைக் கண்டு திகைப்பதுண்டு. உங்களுக்கு அந்தக் கதவு எந்த முதுநிலையில் சேர்ந்தாலும் திறந்தே இருக்கும். கல்லூரி ஆசிரியப் பணி என்றால் நிலைமை வேறு. தேசியத் தகுதித் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக வேண்டுமானால் முதுநிலையும் தாவரவியலாகவோ, அதற்கு இணையானது என்று அரசாணை பெற்றதாகவோ இருக்க வேண்டும். பெயர் புதிதாக உள்ள பட்டங்களுக்கு அந்த இணைத்தன்மை பெறுவதில் ஆண்டுகள் கடந்துபோவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியப் பணியே குறிக்கோள் என்றால் எம்.எஸ்சி. தாவரவியலில் சேருங்கள், இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மற்றொரு பெரிய வேலைவாய்ப்பு, 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குக் கட்டாயமான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அதைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் முறையே நிபுணர்களைத் துறைவாரியாகப் பிரித்துத்தான் கேட்கிறது: சூழலியலும் உயிர்ப்பன்மயமும் ஒன்று, சமூகப் பொருளாதாரம் ஒன்று, நீரியல் ஒன்று, காற்று மாசு ஒன்று என்று. 'எல்லாவற்றிலும் கொஞ்சம்' என்ற இடம் அந்தப் பட்டியலில் இல்லை. தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், நகராட்சிகளுக்கான ஆலோசனைப் பணிகள் ஆகியவற்றில் பல்துறைப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். வீட்டு நிலைமையைப் பொறுத்து இதை எடைபோடுங்கள்.

ஆழம் பற்றி இன்னொரு கோணமும் உண்டு. சில கேள்விகளில் ஆழமே ஒரு துறைக்குள் முடிவதில்லை. கொடைக்கானலில் 1980களில் வந்து 2001ல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். மண்ணில் பாதரசம் எவ்வளவு என்று வேதியியலாளர் துல்லியமாகச் சொல்லிவிடுவார். சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்ற கேள்விக்குக் கருவியில் விடை இல்லை. அங்கே இனி வீடு வருமா, சோலையாக விடப்படுமா, கீழே பாம்பார் சோலை வழியாக இறங்கும் நீரில் மீன் பிடிக்கிறார்களா, அதைக் குழந்தைகள் தின்கிறார்களா என்பதைப் பொறுத்தது அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற 20 மில்லிகிராம் என்ற எல்லையை எதிர்த்தவர்கள் வாதாடியதும் இந்த அடிப்படையில்தான். முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016ல்தான் வந்தது. மருத்துவம், நச்சியல், தொழிலாளர் சட்டம், சோலைச் சூழலியல் எல்லாம் ஒரே கோப்புக்குள் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு தரப்பிலும் சிலரே இருந்தார்கள்.

ஆகவே அந்தப் படிப்பில் சேரலாமா என்பதை அதன் விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் பருவத்தில் புள்ளியியல் கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயம் இல்லை என்றால் எனக்கு அந்தப் படிப்பின் மேல் ஐயம் வந்துவிடும். ஆய்வேட்டுக்கு இரு வேறு துறைகளிலிருந்து இரண்டு நெறியாளர்கள் உண்டா, அல்லது ஒருவர்தானா என்று கேளுங்கள். வரலாற்றைச் சொல்லித்தருபவர் வரலாற்றில் ஆய்வு செய்தவரா, சூழலியலாளரே புத்தகத்தைப் பார்த்துச் சொல்லித்தருகிறாரா என்பதையும் விசாரியுங்கள். இரண்டாவது வகை நிறைய நடக்கிறது. களப்பணி என்று பேருந்தில் போய்ப் படம் எடுத்துத் திரும்புவதைச் சொல்கிறார்களா, ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்க வைக்கிறார்களா என்பதும் முக்கியம். இதையெல்லாம் அறிய எளிய வழி, அங்கே படித்து முடித்த இருவரைத் தேடிப் பிடித்து அவர்களுடைய ஆய்வேட்டைக் கேட்டு வாங்கி, முறையியல் பகுதியை மட்டும் படித்துப் பார்ப்பது. அந்தப் பகுதி மூன்றே பத்திகளில் முடிந்திருந்தால் உங்கள் ஆசிரியர் சொன்னது சரி என்று கொள்ளலாம்.

மலைக்கே திரும்ப வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை ஒரு குறையாக எண்ணாதீர்கள். ஆய்வேட்டுக் களமாக நீலகிரியைத் தேர்ந்தால் உங்களுக்கு உதவக்கூடிய இடங்கள் கையெட்டும் தொலைவில் உள்ளன: 1954 முதல் உதகையில் இயங்கும் மண்வள ஆராய்ச்சி நிலையம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி மையம். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988ல் அமைத்த ஐம்பது ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப் பரப்பில் மரங்களை இன்றும் கணக்கெடுத்து வருகிறார்கள். இந்த இடங்களில் வெளியூர் மாணவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் உண்டு. பசுந்தேயிலை விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறங்கினால் ஊரில் யார் உரத்தை நிறுத்துவார், யார் தோட்டத்தை விற்பார் என்பது உங்களுக்குத் தெரியும். படகர் ஊரான ஹட்டிகளில் எதில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதும் தெரியும். அதோடு ஒரு இடையூறும் சேர்ந்தே வரும். உங்கள் ஊர்க்காரர் சொல்வதை எளிதாக நம்பிவிடுவீர்கள்; பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் கூலித் தொழிலாளியோ இருளரோ உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லவும் மாட்டார். இரண்டாவது நெறியாளர் வெளியூர்க்காரராக இருப்பது நல்லது என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் படிப்பில் சேரவே முடிவு செய்தால், விண்ணப்பத்தோடு ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வார்கள். புவி வெப்பமாதல் பற்றிய பொதுவான பத்திகளைத் தேர்வுக் குழுவினர் நூற்றுக்கணக்கில் படித்துச் சலித்திருப்பார்கள்; அதை எழுதாதீர்கள். உங்கள் ஊருக்குக் கீழே ஏதாவது ஓர் ஓடை இருக்கும். கோடையில் எந்த மாதம் வரை அதில் நீர் இருக்கிறது, முன்பு எதுவரை இருந்தது, மேலே சீகை எப்போது வந்தது, முதல் மோட்டார் யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு எங்கே முரண்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கரையிலுள்ள பத்துத் தாவரங்களின் பெயரை உங்களால் பிழையில்லாமல் எழுத முடியும். அதை எழுதும்போதே உங்களுக்கு எந்த இடத்தில் அறிவு போதவில்லை என்பது தெரியவரும். அந்த இடத்தை நிரப்பும் தாள் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டணம் கட்டுங்கள்.